பக்கம் திருப்பும் முறை

பானுப்பிரியா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது, உயிர் தப்பியதே குலசாமி புண்ணியம் என்றது ஊர். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் அறை வெடித்ததில் அவளோடு வேலை பார்த்த இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இவளுக்குக் கைகள் வெந்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கிப்போயின. காலையில் கம்பெனி வேன் வந்து தெருவையே வேலைக்கு அள்ளிக்கொண்டு போனபின், கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தாள்.

ஒருநாள், விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் தொடக்கப் பள்ளி ஆசிரியை சுகிர்தா அவளைத் தேடி வந்தாள். பள்ளியில் நூலகத்துக்கென்று ஓர் அறை ஒதுக்கிப் புத்தகங்களும் வாங்கிப் போட்டிருந்தார்கள். பிள்ளைகளோ படத்தைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள் என்பது அவள் கவலை.

“பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கீகளாம். பேச்சுப் போட்டியிலெல்லாம் பரிசு வாங்குனீகன்னு சொன்னாக. மத்தியானத்துக்கு மேல வந்து பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுறீகளா?”

“இந்தக் கையப் பாத்தா பிள்ளைக பயந்துரும் டீச்சர்.”

“ஒரு நாளைக்குப் பயப்படும். வாங்க.”

சொன்னபடியே பயந்தன. ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அழுதேவிட்டான். முகம் செத்துப்போய் பானு வாசலுக்குத் திரும்பினாள். மூன்றாம் வகுப்பு வேல்விழி குறுக்கே வந்து நின்றாள்.

“வலிக்குதா அத்த?”

“இப்ப வலிக்கல தாயி.”

“அப்ப வாசிங்க.”

கடலைப் பார்க்கக் கிளம்பிய ஆமையின் கதை அது. பானு புத்தகத்தை மடியில் வைத்து முதல் பக்கத்தை வாசித்தாள். ஆமைக்கு ஒரு குரல், அதை வழிமறித்த கீரிக்கு ஒரு குரல். அழுத பையன்கூட வாயைத் திறந்துகொண்டு கேட்டான். பக்கத்தைத் திருப்பத்தான் முடியவில்லை. புறங்கையால் தள்ளினால் நாலைந்து தாள் சேர்ந்தே போனது. அவள் கண் கலங்குவதற்குள் வேல்விழி பக்கத்தில் வந்து உட்கார்ந்து திருப்பிவிட்டாள். கதை முடியும் மட்டும் அவள்தான் திருப்பினாள்.

மறுநாள் அதற்கே அடிதடி. “நேத்து அவ, இன்னைக்கு நானு” என்று ஆளாளுக்குப் புத்தகத்தைப் பிடித்து இழுத்தார்கள். பானு ஒரு சட்டம் போட்டாள்.

“நான் வாசிக்கிற எடத்துக்கு உங்க கண்ணும் கூடவே வரணும். கடைசி வார்த்தை முடியவும் சரியாத் திருப்பணும். முந்துனாலும் பிந்துனாலும் அடுத்த ஆளு.”

அதன்பிறகு நூலக அறையின் போக்கே மாறியது. தங்கள் முறை வருவதற்குள் வரிகளைப் பழகிவிட வேண்டுமென்று பிள்ளைகள் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

நாலாம் வகுப்பு காளீஸ்வரனுக்கு எழுத்துக் கூட்டவே திணறும். பானுவின் வாயைப் பார்த்தே குத்துமதிப்பாகத் திருப்பி, இரண்டு தடவை மாட்டிக்கொண்டான். மூன்றாவது தடவை, மறுபடியும் ஆமைக் கதை வந்தபோது, விரலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே வந்தான். பானு வேண்டுமென்றே பாதி வரியில் நிறுத்தினாள். விரல் நிற்கவில்லை. “ஆமை... தலையை... நீட்டிப்... பார்த்தது” என்று மீதியை அவனே வாசித்து, பக்கத்தையும் திருப்பினான்.

“ஏலே, நீயேல்ல வாசிச்சுட்ட!” என்றாள் பானு. அவன் வெட்கத்தில் நெளிந்தான்.

மறுநாள் சாயங்காலம் அவன் அம்மா கற்பகம் வேனிலிருந்து இறங்கினாள். மருந்துத்தூளின் வெள்ளி பூத்த கைகளோடு நேரே பானுவின் வீட்டுக்கு வந்தாள்.

“ஏ பானு, அந்த ஆமை கடைசில கடலப் பாத்துச்சா இல்லியா? கேட்டா, நீயே வாசிச்சுப் பாருங்கான் இந்தப் பய!”

பானு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

ஆண்டு முடிவில் பெற்றோர் கூட்டம் நடந்தது. பிள்ளைகள் தாமாகவே வாசிக்க உட்காருவது பானுவால்தான் என்று சொல்லி சுகிர்தா நன்றி கூறினாள். பானு எழுந்து நின்றாள்.

“எனக்கு எதுக்கு டீச்சர் நன்றி? செத்தவ மாதிரிக் கெடந்தேன். வாசல்ல வந்து கூப்பிட்டது நீங்க. அருவருக்காமப் பக்கத்துல ஒக்காந்தது இந்தப் பிள்ளைக. நான்தான் கும்பிடணும்.”

ஒட்டிய விரல்களோடு அப்படியே கைகுவித்தாள். கூட்டம் முடியக் காத்திருக்காமல் பிள்ளைகள் அவளை நூலகத்துக்கு இழுத்துப் போனார்கள். அன்றைக்கு வாசிக்க வேண்டிய புத்தகத்தை அவர்களே எடுத்து வைத்திருந்தார்கள்.