மாசிலாமணி கேட்ட டயர்

டிரைவர் மாசிலாமணி காலமான செய்தியைக் கூலாய் டவுனிலிருந்து வரும் பஸ்ஸின் கண்டக்டர்தான் எனக்குக் கொண்டுவந்தார். திங்கட்கிழமை காலை, ஆபீசில் ஆள் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமாகத் தபால் பையை வாசலில் வீசிவிட்டுப் போகிறவர் அன்று இறங்கி உள்ளே வந்தார். "கிராணி ஐயா, நம்ம டிரைவரு போயிட்டாருங்க. காலையில கோப்பி குடிச்சிட்டு ஒக்காந்தவரு, அப்படியே சாஞ்சிட்டாராம்" என்றார். எந்த டிரைவர் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரியும். ஏழு ஆண்டுகளாக அவர் காரோட்டவில்லை. ஆனாலும் நம் பக்கத்தில் டிரைவர் என்றால் அவர் ஒருவரைத்தான் சொல்வார்கள்.

அவரோடு அதிக காலம் வேலை செய்தவன் என்பதால் இந்த அஞ்சலியை எழுதும்படி நம் சங்கத்தார் என்னிடம் கேட்டார்கள். அவரைப் பற்றி ஊரில் வழங்கும் ஒரு பொய்க்கு நானே காரணம் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் அதைச் சொல்லிவிடத்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன்.

கூலாய்க்கு வடக்கே நம் ரப்பர் தோட்டங்களுக்குப் பொதுவாக ஆஸ்பத்திரி கட்டியபோது, அதன் காருக்கு டிரைவராக மாசிலாமணி வந்தார். கணக்கெழுதும் கிராணி என்ற முறையில் ஆஸ்பத்திரிக் கணக்கும் தளவாடமும் என் பொறுப்பு. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பழைய திறந்த கார் ஒன்றின் பின் ஆசனத்தைக் கழற்றிவிட்டு, நோயாளியைக் கிடத்தப் பலகை போட்டிருந்தார்கள். அவர் வந்த முதல் வாரம், முதுகெலும்பில் அடிபட்ட ஒரு பால்வெட்டுத் தொழிலாளியை ஏற்றிவரப் போனோம். அவரை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, மாசிலாமணி பாதி வழியில் காரை நிறுத்தி இறங்கி, நான்கு டயர்களிலிருந்தும் கொஞ்சம் காற்றை இறக்கினார். ஏன் என்று கேட்டேன். "கல்லு மேல ஏறுறது அவருக்குத் தெரியக் கூடாதுங்க. படுத்திருக்கிறவங்களுக்கு ரோடே தெரியக் கூடாது" என்றார். ஆஸ்பத்திரி சேர்ந்ததும் கை பம்பை எடுத்துக்கொண்டு வெயிலில் நின்று மறுபடியும் காற்றடித்தார். அதற்கு அவருக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

டயர்கள் தேய்ந்து உள்துணி தெரிய ஆரம்பித்த ஆண்டு, ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் தத்தளித்துக்கொண்டிருந்தன. பழைய டயர்களில் பெரிய பெரிய கட்டங்கள் இருந்தன. தோட்டத்துச் செம்மண் சேற்றில் அவை நன்றாகப் பிடிக்கும். தார் ரோட்டுக்கு வந்தால் போதும், வண்டுக் கூட்டம் காருக்குள் புகுந்ததுபோல இரையும். நோயாளி முனகினால் கேட்காது. ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் துரை அந்தக் காரில்தான் தோட்டம் தோட்டமாகப் போவார். தலைவலி வருகிறது, இந்த முறை சத்தமில்லாத டயர் வாங்கு என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஜொகூர் பாருவில் தவுக்கே என்று எல்லோரும் அழைக்கும் ஒரு சீன முதலாளியின் டயர் கடைக்கு நானும் மாசிலாமணியும் போனோம். மாசிலாமணி டயர் பார்த்த விதத்தை என்னால் மறக்க முடியாது. ஒவ்வொன்றையும் தரையில் நிறுத்தி, சிமெண்டில் உருட்டிவிட்டு, கூடவே குனிந்து காதைக் கொடுத்தபடி நடந்தார். கட்டை விரல் நகத்தால் ரப்பரை அழுத்தினார். எவ்வளவு நேரத்தில் அந்தத் தடம் மறைகிறது என்று பார்த்தார். தவுக்கேவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீ டயர் வாங்க வந்தியா, டுரியான் பழம் வாங்க வந்தியா?" என்று மலாயில் கேட்டார். மாசிலாமணியும் சிரித்துக்கொண்டே, "டுரியான் சொத்தைன்னா தூக்கிப் போட்டுடலாம் தவுக்கே" என்று மலாயிலேயே பதில் சொன்னார்.

கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று பழையபடி கட்டம் போட்டது. மற்றது சுற்றிலும் நீளக் கோடுகள் மட்டும் ஓடுவது, உருட்டினால் பூனை நடப்பதுபோல ஓசையே இல்லை. ஆனால் அதன் ரப்பர் கெட்டியாக இருந்தது, நகம் பதியவில்லை. "இது தார் ரோட்டுக்குப் பொறந்தது. மழையில நம்ம மேட்டுல எறங்கினா பக்கவாட்டுல போயிடும்" என்று அதை ஒதுக்கினார். பிறகு கடையின் உள்ளறையில், வேறு அளவுச் சக்கரத்துக்கான மாதிரி டயர் ஒன்றைக் கண்டுபிடித்தார். நடுவில் கோடுகள், இரண்டு ஓரங்களிலும் நெருக்கமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். ரப்பர் மிருதுவாக இருந்தது. மூன்று முறை உருட்டிக் கேட்டார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "இதுதாங்க. பேசவும் பேசாது, வழுக்கவும் வழுக்காது" என்றார். நம் அளவு சிங்கப்பூரிலிருந்து வரப் பதினைந்து நாள் ஆகும் என்றார் தவுக்கே. சொல்லி வைத்துவிட்டுத் திரும்பினோம்.

நான்காம் நாள் ஒரு பழைய டயர் வெடித்தது. டாக்டர் துரை என்னைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் கார் ஓட வேண்டும் என்றார். மாசிலாமணியிடம் சொன்னேன். "காத்திருக்க முடியாதுன்னா, கட்டம் போட்டதையே வாங்கிடுங்க கிராணி ஐயா. சத்தத்தைப் பொறுத்துக்கலாம். சறுக்கலைப் பொறுக்க முடியாது" என்றார். சரி என்று தலையாட்டினேன். மறுநாள் அவருக்குச் சொல்லாமல் நான் மட்டும் பஸ் ஏறிப் போய், நீளக் கோடு போட்ட டயர்கள் நான்கை வாங்கிவந்தேன். காரில் போகிறவர் டாக்டர் துரை, என் வேலையைப் பற்றி மேலிடத்துக்கு எழுதுகிறவரும் அவரே. அன்றைக்கு என் மனத்தில் வேறெதுவும் இல்லை.

மாசிலாமணி அந்த டயர்களை நகத்தால் அழுத்திப் பார்த்தார். நான்கையும் மாட்டினார். மாட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, "பழசுல ரெண்டு இன்னும் தாங்கும். மழை நாள்ல பின்னாடி மட்டும் அதைப் போட்டுக்கவா?" என்று கேட்டார். மறுபடியும் சத்தம் வரும், டாக்டர் என்ன சொல்வாரோ என்று, "அப்புறம் பார்க்கலாம்" என்றேன்.

ஒரு வாரம் கூட ஆகவில்லை. தோட்டத்தின் கடைசி டிவிஷனில் அஞ்சலை என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டு, குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று ஆள் வந்தது. பிற்பகல் மூன்று மணி இருக்கும். எனக்கும் அந்த டிவிஷனில் ஒரு வேலை இருந்ததால் முன் ஆசனத்தில் ஏறிக்கொண்டேன். ஆஸ்பத்திரி ஆயா செல்லம்மா பின்னால் இருந்தாள். அஞ்சலையை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மேட்டிலிருந்து இறங்கும் செம்மண் ரோடு குழம்பாகக் கிடந்தது. மாசிலாமணி காரை நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்தார். செல்லம்மாகூட, "சீக்கிரம் போங்கண்ணே" என்று அழுதாள். "போறேன்மா, போறேன். போய்ச் சேரணும்ல" என்று சொல்லிக்கொண்டே இன்னும் மெதுவாக ஓட்டினார்.

வளைவில் கார் வழுக்கியது. எந்தச் சத்தமும் இல்லை. பக்கவாட்டில், ஏதோ ஒரு கை பிடித்து இழுப்பதுபோலப் பள்ளத்தை நோக்கி நகர்ந்தது. இடப்பக்கம் இருபதடிச் சரிவு. நான் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் ஸ்டீயரிங்கை முழுக்கத் தன் பக்கம் ஒடித்து, வலப்புறத்து மேட்டில் நின்ற ரப்பர் மரத்தில் காரை மோதினார். மரம் அவருடைய கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. எனக்கு நெற்றியில் ஒரு கீறல். அஞ்சலை பலகையிலிருந்து அசையவில்லை. மாசிலாமணியின் வலது கால் முழங்காலிலிருந்து நசுங்கிவிட்டது. அந்த நிலையிலும், "அந்தப் புள்ளைய மொதல்ல தூக்கிட்டுப் போங்க" என்றுதான் கத்தினார். பக்கத்துத் தொழிலாளர் லயத்து ஆட்கள் ஓடிவந்து அவளைப் பலகையோடு தூக்கிக்கொண்டு மழையில் மூன்று மைல் நடந்தார்கள். தாயும் பிழைத்தாள், பெண் குழந்தையும் பிழைத்தது.

பத்து நாள் கழித்து விசாரணைக்கு, தோட்டங்களை நிர்வகிக்கும் சிங்கப்பூர் ஏஜென்சியிலிருந்து ஒரு துரை வந்தார். தமிழ் தெரிந்த நம் மானேஜர் அப்போது விடுப்பில் சீமைக்குப் போயிருந்தார். அதனால் மாசிலாமணி சொல்வதை ஆங்கிலத்தில் சொல்லும் வேலை எனக்கு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்த துரை, என்ன காரணம் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். "நான் மெதுவாத்தான் வந்தேங்க ஐயா. டயருதான் மண்ணைப் பிடிக்கல. வேற டயரு கேட்டிருந்தோம்னு சொல்லுங்க" என்றார் மாசிலாமணி. கேட்டிருந்தேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்டிருந்தோம் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்.

அந்த மாதம்தான் பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு கிராணிகளை வேலையிலிருந்து நீக்கிக் குடும்பத்தோடு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றியிருந்தார்கள். என் வீட்டில் நான்கு குழந்தைகள். துரை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில், "மழையில் சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமென்று சற்று வேகமாக வந்துவிட்டதாகச் சொல்கிறார்" என்றேன். துரை எழுதிக்கொண்டார். மாசிலாமணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதக் கடைசியில் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

கார் பழுது பார்க்கப்பட்டு வந்தபோது, அவர் தேர்ந்தெடுத்த டயர்களும் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்திருந்தன. புது டிரைவரைக் கொண்டு அவற்றை மாட்டினேன். நெடுநாள் ஓடின. ஒரு நாளும் வழுக்கவில்லை. இரைச்சலும் இல்லை. "நல்ல டயராகப் பார்த்து வாங்கியிருக்கிறாய்" என்று டாக்டர் துரை என்னைப் பாராட்டினார். நன்றி சொன்னேன்.

கால் மடங்காமல் போன மாசிலாமணி, கூலாய்க் கடைத்தெருவில் டியூபுக்கு ஒட்டுப் போடும் கடை வைத்தார். உங்களில் பலருக்கு அந்தக் கடை தெரியும். தூரத்து யோங் பெங்கிலிருந்துகூடக் காரோடு வந்து, எந்த டயர் வாங்கலாம் என்று அவரைக் கேட்டுப் போவார்கள். "கடை வாசல் ரோட்டை நெனைச்சு டயரு வாங்காதீங்க. மழையில உங்க வீட்டுக்குப் போற ரோட்டை நெனைச்சு வாங்குங்க" என்பார். அவர் விபத்துக்குள்ளானவர் என்பதை அறிந்தவர்கள், பட்டுத் தெரிந்தவர் என்று மெச்சிக்கொள்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டே அவர் டியூபுக்கு ஒட்டுப் போடுவார்.

நான் வருஷத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அங்கே போவேன். போன வருஷம் ஒரு நாள், டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தபடியே அவர் சொன்னார்: "அன்னைக்கு நீங்க பேசின இங்கிலீசு எனக்குப் புரிஞ்சதுங்க. வெள்ளக்காரங்களுக்குப் பத்து வருஷம் கார் ஓட்டினவன் நான். அந்த ஒரு வார்த்தைகூடவா தெரியாது?" டியூபைத் துடைத்து ஓரமாக வைத்தார். "நீங்களும் அன்னைக்குப் பயந்து போயிருந்தீங்க. நாலு புள்ளைங்க வேற. நான் வேகமா வரலைன்னு எம் மக தனபாக்கியத்துக்கிட்ட மட்டும் ஒரு நாள் சொல்லிடுங்க. அவ என்னைக் கேக்கவும் மாட்டா, நான் சொன்னா சப்பைக்கட்டு மாதிரி இருக்கும்" என்றார். சொல்கிறேன் என்றேன். மகள் பத்து பாகாட் என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பஸ் ஏறினால் அரை நாள் பயணம். நான் போகவில்லை. பொங்கலுக்குப் பார்க்கலாம் என்றேன், பிறகு பள்ளி விடுமுறைக்கு என்றேன்.

இழவு வீட்டில் கூட்டம் நிறைய இருந்தது. ஒருவர், "தங்கமான மனுசன். அன்னைக்கு மட்டும் கொஞ்சம் மெதுவா வந்திருந்தா…" என்று ஆரம்பித்தார். மூலையில் அழுதுகொண்டிருந்த அஞ்சலை எழுந்து நின்றாள். "அவரு மெதுவாத்தான் வந்தாரு. நான் அந்தக் கார்லதானே கெடந்தேன்" என்றாள். "வலியில கெடந்த ஒனக்கு என்னம்மா தெரியும்?" என்றார் அவர். அவள் என் பக்கம் கையைக் காட்டி, "கிராணி ஐயா முன்னாடிதான் ஒக்காந்திருந்தாங்க. அவங்களைக் கேளுங்க" என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். தனபாக்கியமும் தலையை உயர்த்திப் பார்த்தாள். நான், "இப்போ எதுக்கு அந்தப் பேச்சு" என்றேன். உடல் நடுவீட்டில் கிடந்தது. அவருக்கு நான் செய்த துரோகங்களில் இதுவே பெரியது என்று இப்போது தோன்றுகிறது. இம்முறை என்னைக் கேட்டவர் துரையும் அல்ல, உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயமும் இல்லை.

காரியங்கள் முடிந்து மகள் ஊர் திரும்பிய மூன்றாம் நாள் பத்து பாகாட் போனேன். தனபாக்கியம் எனக்குக் கோப்பி வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், கடையில் அவர் டயர் பார்த்ததிலிருந்து. முடித்ததும், "அப்பா இருக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா. அவரு வேகத்தாலதான் எல்லாம் போச்சுன்னு நெனைச்சு, கல்யாணமாகி வந்த இந்த அஞ்சு வருஷமா நான் அவரை எங்க வீட்டுக்கே கூப்பிடல. புள்ளைங்கள அவருகூடத் தனியா வெளிய அனுப்பவும் இல்ல" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். கோப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அவரை நினைக்க என்னிடம் ஒரு பொருளும் இல்லை. அவரால் எனக்கு மிஞ்சியிருப்பது இந்த உத்தியோகம், படித்து வேலைக்குப் போன என் பிள்ளைகள், சங்கக் கூட்டங்களில் நீங்கள் எனக்குப் போடும் முன்வரிசை நாற்காலி. அவர் வாயைத் திறக்காததால் இவையெல்லாம் என்னிடம் நின்றன. இதைப் படித்த பிறகு அந்த நாற்காலியை எடுத்துவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இனி அவர் பேச்சு எங்கே வந்தாலும், தயவுசெய்து சரியாகச் சொல்லுங்கள். மாசிலாமணி வேகமாக ஓட்டவில்லை.