காய்ச்சல் வராத ஊசி

சரஸ்வதி ஊசி போட்டால் குழந்தைக்குக் காய்ச்சல் வராது. திண்டுக்கல்லில் டாக்டர் ஆவுடையப்பனின் கிளினிக்குக்குச் சிறுமலையிலிருந்தும் கீரனூரிலிருந்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்றால், அது டாக்டருக்காக இல்லை, நர்ஸ் சரஸ்வதியின் கைராசிக்காக. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் போடுகிற அதே தடுப்பூசிதான். அங்கே போட்டால் இரண்டு நாள் பிள்ளை அனலாய்க் கொதிக்கும், தொடை வீங்கும், வீட்டில் மாமியார் மருமகளைப் பிடித்துக்கொள்வாள். இங்கே போட்டால் பிள்ளை சாயங்காலமே சிரிக்கும்.

நான் அந்தக் கிளினிக்கில் சீட்டு எழுதுகிறவள். கைராசி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் ஒரு குழந்தை காலை உதறியதில் பாதி மருந்து சிந்திவிட்டது. டாக்டரிடம் சொன்னால் ஏச்சு விழும். சரஸ்வதி அட்டையில் போட்டதாக எழுதி அனுப்பிவிட்டாள். மறுநாள் அந்தத் தாய் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு வந்து, பிள்ளைக்குச் சூடே இல்லை, உங்கள் கை தங்கக் கை என்றாள். புருஷன் விட்டுப்போனவள் சரஸ்வதி. யாரும் அவளிடம் அதுவரை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அன்றிலிருந்து பாதி மருந்தை வாஷ்பேசினில் பீய்ச்சிவிட்டு மீதியைத்தான் குத்தினாள். காசுக்காகச் செய்திருந்தால் திருடி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அவள் புகழுக்காகச் செய்தாள்.

நீ என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். ஒரு தடவை கேட்டேன். பாதி போட்டாலும் மருந்து மருந்துதான் என்றாள். கூட்டம் வந்தால்தானே சீட்டு எழுதுகிற என் வேலையும் நிலைக்கும். எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது.

அவள் புகழை ஊரெல்லாம் பரப்பியவள் சின்னாளப்பட்டியில் தறி நெய்கிற அம்பிகா. அவள் மகன் தனுஷுக்கு எல்லா ஊசியும் சரஸ்வதி கையால்தான். நாலு வயதில் அவனுக்குத் தொண்டை வலி வந்தது. கழுத்து வீங்கி மூச்சு இழுத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கிருந்த டாக்டர் எங்களுக்குப் போன் செய்தார். பார்த்தால் தொண்டை அடைப்பான் மாதிரி இருக்கிறது, ஆனால் அட்டையில் எல்லாத் தடுப்பூசியும் இருக்கிறதே, நிஜமாகவே போட்டீர்களா என்று கேட்டார். இல்லையென்றால் அதற்கான மருந்தை உடனே வரவழைக்க வேண்டும், தாமதித்தால் பையன் பிழைக்க மாட்டான் என்றும் சொன்னார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

சரஸ்வதி என்னைப் பார்த்தாள். நான் சீட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

"எல்லாம் முழுசாத்தான் போட்ருக்கு சார்," என்றாள்.

மூன்றாம் நாள் தனுஷ் செத்துப்போனான். தொண்டை அடைப்பான்தான் என்று சோதனை முடிவு வந்தபோது அவனைப் புதைத்தாகிவிட்டது. அம்பிகா அப்போது ஆறு மாதக் கர்ப்பம்.

பிறந்தது பெண், பெயர் தமிழ்மதி. ஒன்றரை மாத ஊசிக்கு அம்பிகா இங்கேதான் வந்தாள். மூத்தவன் போனது தன் தலையெழுத்து, இவளுக்கும் அக்கா கைதான் வேண்டும் என்று குழந்தையை நீட்டினாள். சரஸ்வதி அன்று வாஷ்பேசின் பக்கம் போகவில்லை. ஒரு சொட்டு சிந்தாமல் முழு மருந்தையும் போட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் அம்பிகா குழந்தையோடு ஓடி வந்தாள். குழந்தையின் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. உட்கார்ந்திருந்த அத்தனை தாய்மாருக்கும் கேட்கும்படி, உன் கை விளங்காத கையாகிவிட்டது என்று கத்தினாள்.

"காய்ச்ச வந்தாத்தான் மருந்து பிடிச்சிருக்குன்னு அர்த்தம் தாயி," என்றாள் சரஸ்வதி.

"அப்ப எம் மகனுக்கு ஏன் ஒருக்காகூட வரல?"

சரஸ்வதி அடுத்த பிள்ளையின் அட்டையைத் தேட ஆரம்பித்தாள். அம்பிகா குழந்தையை முந்தானையால் போர்த்தினாள். பிறகு, இனி என் பிள்ளைக்கு எவள் ஊசியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தமிழ்மதிக்கு அடுத்த ஊசியின் தேதி தாண்டி ஐந்து மாதமாகிறது. எந்த ஆஸ்பத்திரியிலும் அவளுக்குப் போடவில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அம்பிகாவின் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. நான் இன்னும் கூப்பிடவில்லை.