எட்டாவது கேள்வியில் நின்ற ஹனிபா காக்கா

ஹனிபா காக்கா மௌத்தாகிவிட்டார்.

இன்று காலை, கடையிலேயே. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம்... த்ரீவீல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கியும் விட்டார்கள்.

கல்முனையில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருந்தாரே, அவர்தான். ஆசிரியர் பயிற்சியில் இருக்கிற எங்களில் பாதிப் பேருடைய பாடக்குறிப்புகள் அவருடைய மெஷினில்தான் பிரதியாகின.

எனக்கு அவர் இன்னொன்றாகவும் இருந்தார். என்னுடைய முதல் மாணவர். சிரிக்க வேண்டாம், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

வகுப்புக்கு உதவும் என்று ஒன்லைனில் தேடித் தேடி எடுத்த க்விஸ், சொல் விளையாட்டு, அது இது என்று எல்லாவற்றையும் முதலில் அவருடைய போனுக்குத்தான் அனுப்புவேன். கண்ணாடி வெடித்த பழைய போன். நான் பயிற்சிக்குப் போகிற பாடசாலையில் இருக்கிற ஆறு டேப் கணினியும் ஏறக்குறைய அதே வயசு. இதில் ஓடினால் அதிலும் ஓடும், அவ்வளவுதான் என் கணக்கு.

முதல் நாள் லிங்கைக் காட்டியபோது மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

“இதெல்லாம் வந்தா ஆரு புள்ள என்னட்ட கொப்பி அடிக்க வாற? என்ட மெஷினுக்குக் கபன் துணி போட வேண்டியதுதான்.”

சொல்லிக்கொண்டே லிங்கைத் திறந்தார். நானும் சிரித்தேன். இன்று அந்தப் பேச்சை நினைக்கவே முடியவில்லை.

வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கிற பிள்ளை மாதிரி, க்விஸில் தன் பெயரை ‘கடைசி வாங்கு’ என்று போட்டுக்கொள்வார். ஒருமுறை பத்துக் கேள்வியில் ஒன்பது பிழை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“காக்கா, வாசிச்சுப் பார்த்துத்தான் அமத்துறீங்களா?”

“ஓம் புள்ள, வாசிச்சுத்தான். எல்லாத்தையும் சரியா அமத்தினா, பிழை விட்டா என்ன வரும் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

என்ன வந்தது தெரியுமா? ஒவ்வொரு பிழைக்கும் பெரிதாக ஒரு சத்தம். கொப்பி எடுக்க நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“இந்தச் சத்தத்த மட்டும் எடுத்துப்போடுங்க. எனக்கே வெக்கமா இரிக்கி” என்றார். அதை நிறுத்துகிற இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

நான் பயந்தாங்கொள்ளி. கரண்ட் போனால்? சிக்னல் இல்லாவிட்டால்? டேப்பில் சார்ஜ் இறங்கிவிட்டால்? பிள்ளைகள் சிரித்தால்? மிச்சக் காசை வாங்காமலே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

“உங்கட பயத்தப் பேப்பர்ல அடிச்சா ஒரு ரீம் போகும்” என்பார். “லைன் போனாப் போகட்டும். மறுகா கரும்பலகையும் சோக்கட்டியும் இரிக்கிதானே.”

நாளை காலை எட்டரைக்கு என்னுடைய பாடத்தை மதிப்பிட விரிவுரையாளர் வருகிறார். தரம் 7 விஞ்ஞானம். இதில் சரியாகச் செய்யாவிட்டால் பயிற்சியே இழுபடும். அதற்காகச் செய்த க்விஸை நேற்று காக்காவுக்கு அனுப்பியிருந்தேன்.

செய்தி கேட்டதும் நான் முதலில் செய்தது என்ன தெரியுமா... சொல்ல வெட்கமாக இருக்கிறது. க்விஸின் முடிவுப் பக்கத்தைத் திறந்தேன்.

கடைசி வாங்கு. தொடங்கியது இன்று காலை 10.12. ஏழு கேள்விக்குப் பதில். எட்டாவதில் நிற்கிறது.

அதற்குக் கீழே, ‘ஒருவர் விடையளித்துக்கொண்டிருக்கிறார்’ என்று ஒரு வரி.

ஏன் எட்டாவதில் நின்றார்? யாராவது கொப்பி எடுக்க வந்தார்களா? அந்த நேரம்தான் நெஞ்சு வலித்ததா? என்னுடைய கேள்வியைப் பார்த்துக்கொண்டு இருந்தபோதா?

இல்லை, கேள்வியில்தான் பிழையா? எட்டாவதில் ஒரு படம் இருக்கிறது, களப்பு நீரோரத்தில் நானே எடுத்த கண்டல் மரத்து வேர். அது திறக்கவில்லையா? அப்படியானால் நாளைக்கு முப்பத்தொரு பிள்ளைகளும் அதே இடத்தில் நிற்பார்களே...

ஒரு மனுஷன் மௌத்தாகியிருக்கிறார், நான் படத்தைப் பற்றி யோசிக்கிறேன். என்னை என்ன சொல்வது?

மையத்து வீட்டுக்குப் போனேன். பெண்கள் இருந்த அறையில் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். காக்காவின் மகள் என் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். உயர்தரம் படிக்கிற பிள்ளை, அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கையில் அந்தப் போன். சொந்தக்காரர்களுக்கு அறிவிக்க நம்பர் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“ராத்தா, வாப்பாட போன்ல இது சுத்திக்கிட்டே இரிக்கி. என்ன எண்டு தெரியா. நிப்பாட்டவா?”

எட்டாவது கேள்வி. எழுத்து வந்திருக்கிறது, படம் வரவில்லை. வெடித்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

போனில் எடுத்த படத்தைச் சிறிதாக்காமல் அப்படியே ஏற்றிவிட்டேன். என் பிழைதான். வழமையாக நினைத்த விடையை அமத்திவிட்டுப் போகிறவர், இதற்கு மட்டும் படம் வரட்டும் என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

“ஓம் தங்கச்சி... நிப்பாட்டுங்க” என்றேன்.

வீட்டுக்கு வந்து முடிவுப் பக்கத்தைப் பார்த்தேன். ‘இப்போது யாரும் விடையளிக்கவில்லை’ என்று இருக்கிறது.

படத்தைச் சிறிதாக்கிவிட்டேன் காக்கா. சத்தமும் இல்லை. இரண்டு சோக்கட்டியும் பையில் வைத்திருக்கிறேன்.

உங்கட போனில் ஓடுதா என்று பார்க்காமல் நான் வகுப்புக்குக் கொண்டுபோகிற முதல் பாடம் இது. சரியான பயமாக இருக்கிறது.

உங்கட கப்றை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்கட்டும். ஸலாம், காக்கா.