படிக்காமல் அனுப்பிய நான்காவது பாயிண்ட்

துறைமுகத்தில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள் நாங்கள் ஆறு பேர். ஷிப்ட் முடிந்ததும் ராயபுரம் டீக்கடை ஒன்றில் நின்றுகொண்டே வாதாடுவோம். எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பேப்பரில் படித்ததும் யாரோ சொன்னதும் செல்லாது; கண்ணால் பார்த்ததைத்தான் பேச வேண்டும். மீறினால், "நீ பாத்தியா மாமு? பாக்கலன்னா மூடிக்கினு டீய குடி" என்று மற்ற ஐந்து பேரும் கத்துவார்கள். அந்த இரைச்சலுக்கு இப்போதும் ஏங்குகிறேன்.

இன்று ஆளுக்கொரு யார்டில் இருக்கிறோம். வாதமெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான். போன வருடத்திலிருந்து பதிலை ஏஐயிடம் கேட்டு வாங்கிப் போட ஆரம்பித்தோம். வாயைத் திறந்தாலே "டேய் பேமானி" என்று தொடங்கும் கிரேன் டிரைவர், "தங்கள் கருத்தை மதிக்கிறேன், எனினும்" என்று எழுதினான். "இன்னாடா, பட்டிமன்ற நடுவராயிட்டியா?" என்று ஒருவன் கேட்டான். அதற்கும் அடக்கமான பதில் ஒன்று, மூன்று பத்தியில் வந்தது.

திருவொற்றியூர்க்காரன் ஒருவன் மட்டும் கடைசிவரை வாய்ஸ் மெசேஜில்தான் பேசினான். கடல் அரிப்பைத் தடுக்கக் கரையோரம் கொட்டிய கற்களைப் பற்றி அவனுக்கும் எனக்கும் வாதம். பக்கத்துக் கரையில் கல் போட்டதால்தான் அலை திரும்பித் தன் தெருவுக்குள் வந்தது என்றான் அவன். கல் இல்லையென்றால் ரோடே போயிருக்கும் என்றேன் நான். ஜெயிக்க வேண்டும் என்ற வேகத்தில் ஏஐயிடம் ஐந்து பாயிண்ட் கேட்டு வாங்கி, அப்படியே அனுப்பினேன்.

உடனே அவன் குரல் வந்தது. "வெறும் மணலா? என் வூட்டாண்ட வந்து மீன்கொழம்பு துன்னியே, அது மணல்ல குந்திக்கினா நைனா?" அத்துடன் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டான்.

அதற்குப் பிறகுதான் படித்தேன். நான்காவது பாயிண்ட்: 'கடல் அரித்த பகுதி பெரும்பாலும் குடியிருப்பு இல்லாத மணல்வெளி.' டைரியில் எழுதுவதை இரண்டு முறை படித்துப் பார்க்காமல் மூடாதவன் நான்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. இருபது வருடப் பழக்கம் ஒரு பாயிண்ட்டில் முடிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, சொந்த வீடு கடலோடு போன பிறகு அவன் வாடகைக்கு இருக்கும் கொருக்குப்பேட்டை வீட்டுக்கே போனேன். கதவைத் திறந்தவன் உள்ளே கூப்பிடவில்லை.

"படிக்காம அனுப்பிட்டேன். தப்புதான்" என்றேன். பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல், கடல் கொண்டுபோன அந்தப் பழைய வீட்டைச் சொல்ல ஆரம்பித்தேன். நீலக் கதவு. உப்புக்காற்றில் துருப்பிடித்த தாழ்ப்பாள். வெயில் விழும் இடத்தில் அவன் அம்மா காயவைத்த நெத்திலி. இரண்டு ஜன்னல்.

"மூணு" என்றான்.

"ரெண்டுதான். நல்லா ஞாபகம் இருக்கு."

"நான் பொறந்த வூடு, நீ கணக்கு சொல்றியா? அடுப்பாண்ட சின்னதா ஒண்ணு இருந்துச்சு, பொகை போறதுக்கு."

கதவை முழுதாகத் திறந்தான். பிறகு வழிவிட்டு நின்றான்.

"சரி, உள்ள வா. ஆனா கல்லு மேட்டர்ல நீ சொல்றது தப்பு."

"தப்பில்ல" என்றபடி செருப்பைக் கழற்றினேன்.