தைலமரம் கொண்டுபோனது

நிலக்கடலைச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கி வந்து என் மேசைமேல் போட்டார் தனகோட்டி. இலை வெளுத்திருந்தது. வேரில் இரண்டே காய், இரண்டும் பொக்கு. புதுச்சேரியில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் நான் லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்து பதினாறாவது வருடம் அது.

அவருக்குக் கனகசெட்டிக்குளம் பக்கம் ஒன்றரை ஏக்கர் செம்மண். பத்து வருடம் தைலமரம் போட்டு, இரண்டு முறை வெட்டி, வேர்க்கட்டையையும் தோண்டியெடுத்துவிட்டு மறுபடி கடலை விதைத்திருந்தார்.

மண் எடுத்துவரச் சொல்லி டெஸ்ட் செய்தேன். ஆர்கானிக் கார்பன் அடிமட்டம். தழைச்சத்து, சாம்பல் சத்து இரண்டும் லோ. பழைய ரெஜிஸ்டரைப் புரட்டினேன். மரம் வைப்பதற்கு முன் அதே மண் எல்லாவற்றிலும் மீடியம். பரிந்துரைக் கட்டத்தில் ‘தைலமரம் நடலாம்’ என்று என் கையெழுத்து. அப்போதிருந்த அதிகாரி சொல்ல, நான் எழுதியது.

உதிர்ந்த இலையை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வருடாவருடம் கூட்டி அள்ளிச் செங்கல் சூளைக்கு அனுப்பியதாகச் சொன்னார். பட்டை, கிளை, கட்டை எல்லாம் அங்கேதான் போயிருக்கின்றன. மரம் உறிஞ்சியதில் எதுவுமே மண்ணுக்குத் திரும்பவில்லை. இலையையும் பட்டையையும் அங்கேயே மட்க விட வேண்டும் என்று எனக்கு டிரெய்னிங்கிலேயே சொல்லித் தந்திருந்தார்கள். விவசாயி கையில் கொடுக்கும் மண்வள அட்டையில் நான் அதை எழுதவில்லை. வாயால் சொல்லவும் இல்லை.

அதை அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

“மரம் வச்சா நெலம் ஓய்வெடுக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேம்மா. எலைய அள்ளாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வுட்டிருப்பேன்.”

பசுந்தாள் உரத்துக்குச் சணப்பு விதைத்து மடக்கி உழுதால், தொழுவுரமும் போட்டால், மூன்று வருடத்தில் தேறும் என்றேன்.

“மூணு வருஷம் நாங்க இன்னாத்த துன்றது?”

ஆனாலும் சணப்பு விதைத்தார். அது முழங்காலுக்கு மேல் வளரவில்லை. அடுத்த மழைக்குள் நிலத்தை மனைக்கு விற்றுவிட்டு, ரெட்டியார்பாளையத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தார். ஒருமுறை அங்கே அவரைப் பார்த்தேன். யூனிபார்ம் சட்டை தொளதொளவென்று இருந்தது. தன் நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு நின்றுகொண்டார். என் மகளின் படிப்பை விசாரித்தார்.

இப்போது லேபில் சேருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது. நிலத்திலிருந்து எது வெளியே போகப்போகிறது, எதை உள்ளேயே விட வேண்டும் என்று மண் கொண்டுவருகிற ஆளை உட்காரவைத்துச் சொல்லுங்கள். ரீடிங் சரியாக வந்தால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தனகோட்டிக்கு நான் கொடுத்த இரண்டு ரிப்போர்ட்டிலும் ஓர் எண்கூடத் தப்பில்லை.