சனிக்கிழமை காருக்கு எண்ணெய்க் குளியல்

1. புதன்கிழமை மாலை, மண்ணூர்பேட்டையில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், அப்பா காரை இரண்டு மணி நேரம் ஆய்வு செய்து ஸ்டீயரிங்கில் பச்சை அட்டை கட்டினார்.
2. வியாழன் முழுக்க நான் ஓட்டினேன். பக்கத்து இருக்கையில் அப்பா, அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். கோயம்புத்தூரில் தங்கினோம்.
3. வெள்ளி மதியம் கோழிக்கோடு. மழை இல்லை. மழைக்காக வந்த ஊரில் மழை இல்லை என்று தம்பி என்னைக் குறை சொன்னான்.
4. சனி காலை அப்பா சாவியை வாங்கினார். மழை வந்தது. ஊர் மறைந்தது.
5. அம்மா காரைக் குளிப்பாட்டினார்.
6. ஞாயிறு காலை, காட்டுச் சாலையில் யானை.
7. அப்பா ரிவர்ஸ் எடுத்தார்.

ஏழாவது வரியில் என்ன இருக்கிறது என்று வெளியாட்களுக்குத் தோன்றலாம். எங்கள் அடுக்ககத்தில் இருப்பவர்களுக்குத் தோன்றாது. கீழே மூன்றாவது தூணில் எங்கள் காரின் சிவப்பு வண்ணம் இன்னும் இருக்கிறது.

அப்பா ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையெழுத்து போடாமல் ஒரு பீரங்கி வண்டிகூட வாசலைத் தாண்டாது. ஆனால் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது ஓய்வுக்குப் பிறகுதான். தொழிற்சாலையில் ஒரு விதி உண்டாம்: பின்னால் ஆள் நின்று விசில் ஊதி வழிகாட்டாமல் எந்த வண்டியும் பின்னோக்கி நகரக் கூடாது. அந்த விதியை அவர் எங்கள் சின்னக் காருக்கும் கொண்டுவந்துவிட்டார். யாராவது பின்னால் வந்து நிற்கும்வரை காத்திருப்பார். ஒரு நாள் யாரும் வரவில்லை. அன்றுதான் அந்தத் தூண்.

அதற்குப் பிறகு, சாவி என்னிடம் இருக்கட்டும் என்று நான் சொன்னேன். அப்பா செய்தித்தாளைத் திருப்பினார், அது ஏற்கெனவே படித்த பக்கம். முப்பது வருடங்களுக்கு மேல் காலை ஏழு மணிக்குக் கிளம்பிப் பழகியவர். இப்போதும் ஏழு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு ஆவடி சந்தைக்குப் போய் இரண்டு கட்டுக் கீரை வாங்கி வருவார். கீரை பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கும். எனக்கு அது தெரியும். தூணும் தெரியும். நான் மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலையில் இருக்கிறேன். அப்பாவின் மகள் வேறு என்ன வேலைக்குப் போவாள்?

அம்மாதான் வழி சொன்னார். இந்தப் பயணமே பரீட்சை. நெடுஞ்சாலையும் மலையேற்றமும் எனக்கு. நகரமும் காடும் அப்பாவுக்கு. அப்பாவின் கையிலிருந்து யாராவது ஸ்டீயரிங்கை வாங்க நேர்ந்தால், அல்லது அவர் தவறால் வண்டி நின்றால், சாவி எனக்கு. அப்பாவே இதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு என்னிடமும் கையெழுத்து வாங்கினார். சாட்சி அம்மா. தம்பி கல்லூரியில் படிக்கிறான், உரிமம் இல்லை, கருத்து மட்டும் உண்டு.

கோழிக்கோட்டுக் கடற்கரைச் சாலையில் மழை பிடித்ததும் அப்பா வைப்பரைப் போட்டார். அது இடமிருந்து வலம் போனது. போன இடமெல்லாம் பால் ஊற்றியதுபோல வெளுத்தது. திரும்பி வந்தது. இன்னும் வெளுத்தது.

"இன்னா நைனா, ஒண்ணுமே தெர்ல. கடல் எந்தப் பக்கம் கீது?" என்றான் தம்பி.

"பேசாம வாடா."

"கடலுக்குள்ள போய்க்கினு இருந்தா சொல்லு, ஷூவைக் கழட்டிடறேன்."

அப்பா ஓரம் கட்டினார். உப்புநீரில் ஊறிய நெல்லிக்காயும் மாங்காயும் விற்கும் பெட்டிக்கடை ஒன்றின் முன் கார் நின்றது. நான் கண்ணாடியை விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

"அப்பா, வைப்பருக்கு எண்ணெய் போட்டீங்களா?"

"மழைக்கு முன்னாடி ரப்பர் பாகத்துக்கெல்லாம் ஒரு பூச்சு குடுக்கறது வழக்கம்மா. ஃபேக்டரி ஸ்டோர்ல வருஷா வருஷம் செய்வோம்."

"அது ஸ்டோர்ல சும்மா கிடக்கற ரப்பருக்கு. இது கண்ணாடியைத் துடைக்கிற ரப்பர்."

"மெஷின் ஆயில் ரப்பரை அரிச்சிடும். அதனாலதான் தேங்காய் எண்ணெய்" என்றார், அவ்வளவு தூரம் யோசித்திருக்கிறேன் பார் என்ற குரலில். தன் குறிப்பேட்டையும் எடுத்துக் காட்டினார். 'வைப்பர் – 2 – எண்ணெய் இடப்பட்டது' என்று அழகான கையெழுத்தில் இருந்தது.

பின்னிருக்கையில் அம்மா பையைத் துழாவிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை அப்பாவுக்கு எண்ணெய்க் குளியல். விடுதியில் தங்கினாலும், வேற்று மாநிலத்தில் இருந்தாலும், புயலே அடித்தாலும் சனி சனிதான். அதனால் அம்மாவின் பையில் சீயக்காய்ப் பொட்டலம் இருந்தது.

"எண்ணெய் வச்சாச்சு. சீயக்காய் போட்டுத்தானே ஆகணும்? எறங்குங்க."

"கண்ணாடி கீறும்டி."

"இத்தனை வருஷம் உங்க தலையில தேய்க்கறேனே, கீறிச்சா?"

"அம்மா, சனிக்கெழம ஆம்பளைங்க குளிக்கிற நாளாச்சே. காரு ஆம்பளையா பொம்பளையா?" என்றான் தம்பி.

அம்மா ஒரு நொடி காரைப் பார்த்தார். "சொன்ன பேச்சைக் கேக்காம தூண்ல முட்டுது. ஆம்பளைதான்."

பிறகு கொட்டும் மழையில் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காரின் நெற்றியில் சீயக்காயை அள்ளிப் பூசினார். தண்ணீர் ஊற்ற வேண்டிய வேலை இல்லை. அப்பா இரண்டு வைப்பரையும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பெட்டிக்கடைக்காரர் கறுப்புக் குடையுடன் வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். எங்களில் ஒருவருக்குப் பிடிப்பார் என்று நினைத்தேன். கண்ணாடிக்கு மேல் பிடித்தார், பூசியது மழையில் கரைந்துவிடக் கூடாது என்று. கையெடுத்துக் கும்பிட்ட அம்மாவுக்கு அவர் இரண்டு நெல்லிக்காய் கொடுத்தார். நாங்கள் மூவரும் சும்மா நனைந்தோம்.

கண்ணாடி தெளிந்தது. கார் மட்டும் தீபாவளிக் காலைபோல மணந்தது. இது வண்டி நின்ற கணக்கில் சேருமா என்று நான் கேட்டேன். "குளிக்கப் போனதெல்லாம் நின்னதுல சேராது" என்று சாட்சி சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை வயநாட்டைத் தாண்டிக் காட்டுக்குள் போனோம். மழை தூறலாகிவிட்டது. இருபுறமும் மூங்கில். 'வண்டியை நிறுத்தாதீர்கள், இறங்காதீர்கள், ஒலி எழுப்பாதீர்கள்' என்று பலகை இருந்தது. அப்பா அதை வாய்விட்டுப் படித்து, தலையாட்டி ஏற்றுக்கொண்டார். ஒரு வளைவைத் தாண்டினோம். சாலை நடுவில் யானை. எங்களை நோக்கி, அவசரமே இல்லாமல், நடந்து வந்தது.

அப்பா நிறுத்தினார். பின்னால் வண்டி எதுவும் இல்லை. செய்ய வேண்டியது ஒன்றுதான்.

"பின்னால ஆள் வேணும்" என்றார் அப்பா.

"நான் எறங்கட்டா?" என்ற தம்பியின் முதுகில் ஓர் அடி விழுந்தது.

நான் முன்னிருக்கையில் இருந்தேன். இடம் மாறி உட்கார்ந்தால் அரை நிமிட வேலை. என் கை ஹாண்ட் பிரேக் வரை போயும்விட்டது. ஸ்டீயரிங்கை நான் வாங்கிவிட்டால் சாவி என்னுடையது. அப்பா என்னைப் பார்க்கவில்லை, யானையையும் பார்க்கவில்லை, பின்பார்வைக் கண்ணாடியில் தெரிந்த வெற்றுச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்தேன்.

"அம்மா" என்றேன். "நீங்க பாருங்க."

அம்மா பின்னிருக்கையில் முழங்காலிட்டு, பின்கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டார்.

"விசில் இல்லாம எப்படி?" என்றார் அப்பா.

"யானை வருது, உங்களுக்குக் குக்கர் விசில் கேக்குதா? எடுங்க. வரலாம்… வரலாம்… லெஃப்ட்ல ஒடிங்க."

கார் இடப்பக்கப் புதரை உரசப் போனது.

"ஐயோ, உங்க லெஃப்ட் இல்லை, என் லெஃப்ட்!"

"உன் லெஃப்ட் என் ரைட்டுடி."

"கல்யாணம் ஆன நாளா இதே கதைதான். என் பக்கம் ஒடிங்க! வரலாம்… வரலாம்…"

"யம்மா, மெதுவா சொல்லு. நீ வரலாம் வரலாம்னு கூப்புட, அதுவும் வந்துகினு கீது" என்றான் தம்பி.

ஏழு முறை நேராக்கி, வளைவைச் சுற்றி, அப்பா பின்னோக்கியே போனார். வியர்வை காதோரம் இறங்கியது. ஒரு செடியைக்கூடத் தொடவில்லை. யானை நாங்கள் முதலில் நின்ற இடம்வரை வந்து, தும்பிக்கையை நீட்டி, காற்றை நன்றாக இழுத்துப் பார்த்தது. பிறகு மூங்கிலுக்குள் இறங்கிப் போய்விட்டது.

"சீயக்கா வாசனை அதுக்கு ஒத்துக்கல" என்றான் தம்பி. யாரோ முதலில் சிரிக்க, பிறகு நால்வரும் நிறுத்த முடியாமல் சிரித்தோம். இறங்கக் கூடாது, ஒலி எழுப்பக் கூடாது என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

காட்டைக் கடந்து, முதல் தேநீர்க் கடையில் அப்பா தன் அட்டைக் கட்டை எடுத்தார். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி வண்ணம் தீட்டியவை: பச்சை தகுதி, சிவப்பு நிராகரிப்பு, மஞ்சள் நிபந்தனையுடன் ஏற்பு. சிவப்பை உருவி, 'காரணம்: ஓட்டுநரே வைப்பருக்கு எண்ணெய் இட்டார்' என்று எழுதி, சாவியில் கட்டி என் முன் வைத்தார்.

"பாப்பா, சரியான ஆய்வுன்னா இதான்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். இது சாட்சி தீர்க்க வேண்டியதில்லை என்பதுபோல. நான் சிவப்பை அவிழ்த்தேன். மஞ்சளில், 'நிபந்தனை: பின்னோக்கிச் செல்லும்போது அம்மா இருக்க வேண்டும். எண்ணெய் தலைக்கு மட்டும்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அப்பா வாங்கி இரண்டு முறை படித்தார். 'அம்மா' என்பதை அடித்து 'வழிகாட்டுநர்' என்று திருத்தினார். பிறகு ஏற்றுக்கொண்டார்.

இப்போதைய நிலை: சாவி ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்து ஆணியில் மஞ்சள் அட்டையுடன் தொங்குகிறது. அட்டையின் பின்பக்கம் 'தங்கள் வரவை அன்புடன் எதிர்நோக்கும்' என்று இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அப்பா சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். எட்டு மணிக்குக் கீரையுடன் வந்து வாசலில் ஒரு முறை ஹாரன் அடிக்கிறார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு இறங்கிப் போகிறார். வைப்பர் இரண்டும் புதிது.