கோணிக்குக் கழித்த ஒரு கிலோ

டிவியில் குத்துச்சண்டை ஓடினால் என்னால் உட்கார்ந்து பார்க்க முடியாது. ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடந்துகொண்டேதான் பார்ப்பேன். “ஒரு எடத்துல உக்காருங்க, எனக்குத் தலை சுத்துது” என்பாள் மனைவி. சண்டை முடிந்ததும் யாராவது வந்து உலகத்திலேயே பெரிய வீரர்கள் என்று பத்துப் பேரை வரிசைப்படுத்துவார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிடும். பேர் கிடைக்காமல் போனவர்களைப் பற்றிச் சொல்கிறேன் என்று ஆரம்பிப்பவர்கள்கூட ஓரளவு பேர் கிடைத்தவர்களைத்தான் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஆள் எந்த வரிசையிலும் இல்லை. அதற்கு நான் ஒரு காரணம்.

எழுபதுகளின் நடுவில் ஏற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு காபி எஸ்டேட்டில் நான் ரைட்டராக இருந்தேன். பறித்துவரும் பழத்தை எடை போட்டு எழுதுவது என் வேலை, அந்த எடைக்குத்தான் சனத்துக்குக் கூலி. அவர் அங்கே காபி காயவைக்கும் களத்தில் வேலை பார்த்தார். மலைக்காரர், என்னைவிட இரண்டு வயது இளையவர். அந்த நாளில் எஸ்டேட்டில் யாரும் அவரை ‘அவர்’ என்று சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. இங்கேயாவது சொல்லிக்கொள்கிறேன்.

எங்களிடம் வருவதற்கு முன்னால் அவர் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எடுபிடியாக இருந்தார். பெரிய இடத்துப் பையன்கள் கையுறை மாட்டிக் குத்துப் பழகும்போது எதிரே நிற்க ஒரு ஆள் வேண்டும். திருப்பி அடிக்கக் கூடாது. ஆகவே அடி மேலே படாமல் நிற்பதை அவர் முதலில் கற்றுக்கொண்டார். மிச்சத்தைக் களத்தில் கற்றார். காயும் கொட்டையைக் காலால் கிளறிவிட வேண்டும். பாதத்தைத் தூக்கி வைத்தால் கொட்டை நசுங்கும், தேய்த்துத் தேய்த்துத்தான் நடக்கணும். சண்டையிலும் அதே நடைதான். சேலத்தில் நடந்த சின்னப் போட்டிகளில் அவரைவிடப் பலசாலிகள் வெறும் காற்றைக் குத்தியே களைத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன். துண்டும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஓரத்தில் நிற்பவன் நான்.

அப்படி இருக்கையில் மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி சேலத்தில் வந்தது. ஐம்பத்து நாலு கிலோ பிரிவில் அவர் பேரைக் கொடுத்தேன். ஜெயித்தால் போலீஸ் வேலைகூடக் கிடைக்கும் என்று ஆசை காட்டினேன். அவருக்கு வேண்டியது வேறு.

“பேப்பர்ல பேரு வரோணுமுங்க, ரைட்டரே. எங்கூட்டுல ஒருத்தரு பேரும் அச்சுல வந்ததில்லீங்க. கல்யாணப் பத்திரிகைகூட அடிச்சதில்லீங்க.”

அவர் உடம்பு ஐம்பத்தேழில் இருந்தது. களியைப் பாதியாகக் குறைத்தார். விடிந்ததும் குப்பனூர் ரோட்டில் இறங்கி ஓடிவிட்டுத் திரும்ப ஏறி வருவார். எடை பார்க்க எங்கள் எஸ்டேட் தராசுதான், உத்தரத்தில் தொங்கும் கொக்கித் தராசு. சாயங்காலம் மூட்டைகள் போன பிறகு கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துக் காலை மடக்கித் தொங்குவார். நான் முள்ளைப் படித்துச் சொல்வேன். போட்டிக்கு முந்தின நாள் முள் ஐம்பத்து மூணே முக்காலில் நின்றது. கால் கிலோ கையிருப்பு இருக்கிறது என்று முதுகில் தட்டினேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சேலம் போனோம். பின்னாலேயே எஸ்டேட் லாரியில் பழம் பறிக்கிற சனம் வந்து இறங்கியது. முதலாளியை விருந்தினர் என்று அழைத்து முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். எங்கள் வீரரை எடை மேடையில் ஏற்றினார்கள். ஐம்பத்து நாலே முக்கால்.

“எங்க எஸ்டேட் தராசுல செரியா இருந்துச்சுங்களே” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எடை பார்த்தவர் அவரை இறங்கச் சொல்லி, “பாருப்பா, முள்ளு பூஜ்யத்துலதான் நிக்குது” என்று காட்டினார்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் தராசு காலியாக இருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்காது. ஒரு கிலோ கீழே நிற்கும். மூட்டைக்கு மூட்டை கோணி எடையைக் கழித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று முள்ளையே அப்படித் திருகி வைத்திருந்தோம். தினமும் பார்த்துப் பார்த்து எனக்கு அதுதான் பூஜ்யமாகிவிட்டது. மனுசன் தொங்கும்போது கோணி கிடையாது என்பது எனக்கும் உறைக்கவில்லை, அவருக்கும் உறைக்கவில்லை.

ஒரு மணி நேரம் அவகாசம் கொடுத்தார்கள். சேலத்து வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவர் மைதானத்தைச் சுற்றினார். நான் வேலியோரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். எங்கள் தராசின் மேல்தான் தப்பு என்று சொல்லியிருந்தால் இன்னொரு நாள் எடை பார்க்கச் சம்மதித்திருக்கலாம், தெரியாது. ஆனால் கோணி அரைக் கிலோதான். கூடக் கழித்த அரைக் கிலோ யாருக்குப் போனது என்று லாரியில் வந்த சனம் கேட்கும். முதலாளி முன்வரிசையில் இருக்கிறார். எனக்கு வேலை போய்விடும். “இன்னும் ரண்டு சுத்து, ஓடு ஓடு” என்று கத்திக்கொண்டிருந்தேனே தவிர தராசைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மறுபடி ஏறினார். கால் கிலோ கூட. நீக்கிவிட்டார்கள்.

“வழியில என்னத்தத் தின்னான்?” என்று எடை பார்த்தவர் என்னைக் கேட்டார்.

“பஸ் ஸ்டாண்டுல ஏதாச்சும் தின்னிருப்பானுங்க” என்றேன். சனம் முழுக்கக் கேட்டது. அவர் காதிலும் விழுந்தது. 

அன்று மாலை, அறுபது கிலோ பிரிவில் ஜெயித்தவனோடு சும்மா மூன்று சுற்று ஆடிக்காட்ட ஆள் தேடினார்கள். அவர் கையைத் தூக்கினார். காலையில் ஓடிய களைப்போடு, தன்னைவிட ஒரு பிடி உயரமானவனைக் களத்து நடையில் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாவது சுற்றில் அவன் குத்த ஓங்கிய கையைப் பாதியிலேயே இறக்கிவிட்டான், எங்கே குத்துவதென்று தெரியவில்லை. அதற்குள் இவர் இடது கை அவன் தாடையில் இரண்டு தடவை விழுந்தது. மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. அப்படி ஒரு சண்டையை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை, டிவியிலும் பார்க்கவில்லை. கணக்கில் சேராத ஆட்டம் என்பதால் யாரும் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. மறுநாள் பேப்பரில் ‘எடை கூடியதால் ஏற்காடு வீரர் நீக்கம்’ என்று ஒரு வரி வந்தது. பேர் போடவில்லை.

எஸ்டேட்டில் அவருக்குத் ‘தீனிப் பயில்வான்’ என்று பட்டம் கட்டினார்கள். அவர் பிறகு கையுறை மாட்டவில்லை. அடுத்த வருஷம் நான் வேலையை விட்டேன். ஈரோடு, ஓசூர், திருப்பூர் என்று எங்கே போனாலும் இரண்டு வருஷத்துக்கு மேல் தரிக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வேலையாக மலைக்குப் போயிருந்தேன். ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவரே வந்து கையைப் பிடித்தார். முடி நரைத்திருந்தது. டீ வாங்கிக் கொடுத்தார். உங்களைப் பற்றி ஒருநாள் எழுதப் போகிறேன் என்றேன். டீயைக் கீழே வைத்தார்.

“ஏனுங்க, எம்பேரு மட்டும் வேண்டாமுங்க. ஒண்ணு உங்ககிட்ட நொம்ப நாளாச் சொல்லோணும்னு இருந்தனுங்க. அன்னிக்குப் பஸ் ஸ்டாண்டுல, நீங்க அந்தப்பக்கம் போனப்ப, கொழாயில ஒரு சொம்புத் தண்ணி குடிச்சுப்புட்டனுங்க. தொண்டை வறண்டு போச்சு. அதுதான் முள்ளுல காட்டிருச்சு. உங்க மானத்த வாங்கிப்புட்டேன். மன்னிச்சுருங்க.”

ஒரு சொம்புத் தண்ணீர் முக்கால் கிலோ இருக்கும். முந்தின ராத்திரித் தூக்கத்திலேயே அந்த அளவு குறைந்திருக்கும். இதுவும் அதுவும் சரியாகிவிட்டது, கூடக் காட்டிய ஒரு கிலோ எங்கள் தராசுடையது. அந்தக் கணக்கு எனக்கு ஒரு நொடியில் வந்துவிட்டது. முள், கோணி எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தேன். பஸ் ஹாரன் அடித்தது.

“பரவால்ல விடுங்க. நான் அப்பவே மன்னிச்சுட்டேன்” என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. என் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பேர் போட மாட்டேன் என்று ஜன்னல் வழியாக வாக்குக் கொடுத்தேன். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அந்த வாக்கிலிருந்து என்னை விடுவிக்க யாரும் இல்லாததால், இதிலும் அவர் பேர் அச்சில் வரவில்லை.